இன்ஃப்ளூயன்சாவின் பிறந்த வீடு வாத்தின் குடல்

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர்கள் புரியாத ஒரு நோயைப் பார்த்தார்கள். கறவை மாடுகள் சரியாகத் தின்னவில்லை, பால் சட்டென்று குறைந்தது, கறந்த கொஞ்சப் பாலும் சீம்பால் மாதிரி மஞ்சளாகக் கெட்டியாக இருந்தது. கால்நடை மருத்துவர்கள் வழக்கமான காரணங்களை எல்லாம் தேடிப் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் துப்புக் கொடுத்தவை பூனைகள். காய்ச்சாத பாலைக் குடித்துக்கொண்டு பண்ணையைச் சுற்றி வந்த பூனைகள் தள்ளாடி, பார்வை போய், ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. பூனைக்குப் பறவைக் காய்ச்சல் வந்தால் இப்படி ஆகும் என்பது தெரிந்த விஷயம்தான். பரிசோதனைகள் முடிந்து மார்ச் 25 அன்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது: மாடுகளுக்கு வந்திருப்பது பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1.

எச்5என்1 அடங்கிய இன்ஃப்ளூயன்சா 'ஏ' என்ற ஃப்ளூ வைரஸ் வகை மாட்டுக்குப் பெரிதாக வராது என்பது அதுவரை கிட்டத்தட்ட எல்லாரும் நம்பியிருந்த ஒன்று. பன்றியைக் கவனியுங்கள், கோழிப் பண்ணையைக் கவனியுங்கள், உயிருள்ள பறவைகளை விற்கும் சந்தைகளைக் கவனியுங்கள் என்று பல வருடங்களாகச் சொல்லிவந்த அறிவியல் உலகம் மாட்டின் மடியை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இந்த வைரஸ் விஷயத்தில் நமக்கு அடிக்கடி இப்படி நடக்கிறது. அதற்குக் காரணம், ஃப்ளூ என்றாலே மனிதனிடமிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமக்கு வருவது சாதாரண ஃப்ளூ, கோழிக்கு வருவது பறவைக் காய்ச்சல், 2009-இல் வந்தது பன்றிக் காய்ச்சல் என்று மூன்று நோய்களாகப் பிரித்துவைத்துவிட்டு, ஒன்று இன்னொன்றின் எல்லைக்குள் நுழையும்போதெல்லாம் அதிர்ச்சி அடைகிறோம். மனிதனை விட்டுவிட்டு நீர்ப்பறவையிலிருந்து ஆரம்பித்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

முதலில் குடும்பத்தைப் பார்த்துவிடலாம். இதன் அறிவியல் பெயர் ஆர்த்தோமிக்சோவிரிடே. நமக்குத் தெரிந்த இன்ஃப்ளூயன்சாக்கள் ஏ, பி, சி, டி என்று நான்கு. 'பி' பெரும்பாலும் மனிதர்களிடம் மட்டுமே சுற்றுகிறது, எப்போதாவது கடல்நாய்களிடம் தென்பட்டிருக்கிறது. 'சி' சின்னக் குழந்தைகளுக்கு லேசான சளியைக் கொடுத்துவிட்டுப் போகும், அதை யாரும் பரிசோதித்துக்கூடப் பார்ப்பதில்லை. 'டி' 2011-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு பன்றியிடமிருந்து கிடைத்தது, அப்புறம் பார்த்தால் அதன் உண்மையான இருப்பிடம் மாடு. இந்த நால்வரோடு யாரும் எதிர்பார்க்காத பங்காளிகளும் உண்டு. நார்வேயில் 1984-இல் வளர்ப்பு சால்மன் மீன்களுக்கு ரத்தசோகையை உண்டாக்கி, 2007-இல் சிலி நாட்டின் சால்மன் தொழிலையே படுக்கவைத்த வைரஸ் இதே குடும்பம்தான். உண்ணிகள் வழியாகப் பரவும் தொகோட்டோ வகை வைரஸ்களும் அப்படியே. அவற்றில் ஒன்றான தோரி வைரஸ் நம் குஜராத்தில் ஒட்டகங்களின் மேலிருந்த உண்ணிகளில் கிடைத்தது. ஆனால் கொள்ளைநோய் என்று உலகம் பயப்படுவதெல்லாம் ஒரே ஒருவருக்குத்தான்: இன்ஃப்ளூயன்சா 'ஏ'. மீதிக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

இந்த 'ஏ' எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்த கதை ஒரு கடற்கரை நடையில் தொடங்குகிறது. 1960-களின் பிற்பகுதியில் ராபர்ட் வெப்ஸ்டர், கிரேம் லேவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியக் கடற்கரை ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது கரை நெடுகக் கடற்பறவைகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தார்கள். அதற்குச் சில வருடங்களுக்கு முன், 1961-இல், தென்னாப்பிரிக்காவில் ஆலாப் பறவைகள் கூட்டமாகச் செத்து, அவற்றிடம் இன்ஃப்ளூயன்சா வைரஸ் கிடைத்திருந்த செய்தி இருவருக்கும் தெரியும். இந்தப் பறவைகளும் ஃப்ளூவில் செத்திருக்குமோ என்ற சந்தேகத்தோடு கிரேட் பேரியர் ரீஃப் தீவுகளுக்குப் போய், அங்கே கூடு கட்டியிருந்த பறவைகளைப் பிடித்து ரத்தமும் தொண்டைச் சளியும் எடுத்தார்கள். ரத்தத்தில் மனித ஃப்ளூ வைரஸோடு உறவுள்ள எதிர்ப்புரதங்கள் இருந்தன. பிறகு வைரஸே கிடைத்தது. அந்தப் பறவைகள் நன்றாகத்தான் இருந்தன, நோய் என்று சொல்ல எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு உலகெங்கும் தேடியதில் தெரியவந்தது இதுதான்: காட்டு வாத்துகள், கடற்காகங்கள், உள்ளான்கள் போன்ற நீர்ப்பறவைகளிடம் இந்த வைரஸின் ஏறக்குறைய எல்லா வகைகளும் இருக்கின்றன. வாத்துக்கு இது சுவாச நோயே இல்லை. குடலின் உட்சுவரில் பெருகி, எச்சத்தோடு வெளியேறி, ஏரித் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீரைக் குடிக்கும் அடுத்த வாத்துக்குப் போகிறது. குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வாத்து காய்ச்சலில் படுப்பதில்லை, அது பாட்டுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துபோகிறது. நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்து பழகியதால் வந்த சமாதானம் அது. இந்த வைரஸ் புதிதாக ஒரு விலங்குக்குள் போகும்போதுதான் ரகளை. மனிதன், பன்றி, குதிரை, கோழி, நாய், கடல்நாய், இப்போது மாடு என்று நாம் நோய் நோயாகப் பார்ப்பதெல்லாம் இந்த ஏரிகளிலிருந்து வழிந்து வந்தவைதான். கோழியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோழியும் இந்த வைரஸுக்குப் புது ஆள்தான்.

எச், என் என்ற எழுத்துகளைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கும். ஹீமக்ளூட்டினின் என்பது 'எச்', நியூராமினிடேஸ் என்பது 'என்'. நம் செல்களின் மேலே சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் இருக்கிறது. 'எச்' அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. செல்லுக்குள் புதிய வைரஸ்கள் உருவாகி வெளியே வரும்போது அதே சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு நகர முடியாமல் தவிக்கும், அந்தப் பிடியை 'என்' அறுத்துவிடுகிறது. ஆக ஒன்று உள்ளே போவதற்கு, ஒன்று வெளியே வருவதற்கு. பறவைகளில் எச்1 முதல் எச்16 வரையும் என்1 முதல் என்9 வரையும் நன்றாக அறியப்பட்டவை. குவாத்தமாலாவிலும் பெருவிலும் வௌவால்களிடம் எச்17, எச்18 கிடைத்தன. அந்த இரண்டும் சியாலிக் அமிலத்தைச் சீண்டாமல் வேறொரு வழியாக நுழையும் தனிக் கிளை, அதனால் இங்கே அவற்றை விட்டுவிடலாம்.

சியாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு இணையும் விதம் இரண்டு. வாத்தின் குடலில் இருப்பது ஆல்ஃபா 2,3 என்ற இணைப்பு, மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இருப்பது ஆல்ஃபா 2,6. பறவை வைரஸின் 'எச்' முதலாவதைத்தான் நன்றாகப் பிடிக்கும், மனித வைரஸின் 'எச்' இரண்டாவதை. கோழிப் பண்ணையில் வேலை பார்க்கும் எல்லாரும் தினமும் நோயில் விழாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் நம் நுரையீரலின் அடி ஆழத்திலும் கண்ணின் வெண்படலத்திலும் பறவை வகை இணைப்பும் இருக்கிறது. அதனால்தான் பறவைக் காய்ச்சல் மனிதனைப் பிடித்தால், ஒன்று நுரையீரலின் அடிவரை போய் ஆளைச் சாய்க்கிறது, இல்லாவிட்டால் அமெரிக்கப் பால் பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்கு நடந்ததுபோல வெறும் கண் சிவப்போடு நின்றுவிடுகிறது. ஆழத்தில் இருக்கும் வைரஸ் இருமலில் எளிதாக வெளியே வராது, ஆகவே அடுத்தவருக்குத் தொற்றுவதும் குறைவு.

உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது, பெருக வேண்டும். வைரஸின் பாலிமரேஸ் என்ற நகலெடுக்கும் புரதம் நம் செல்லில் இருக்கும் ஒரு துணைப் புரதத்தோடு சேர்ந்துதான் வேலை செய்யும். பறவையின் துணைப் புரதமும் நம்முடையதும் கொஞ்சம் வேறு. பிபி2 என்ற மரபணுவில் 627-ஆவது இடத்தில் ஒரே ஒரு மாற்றம் நடந்தால் பறவை வைரஸ் பாலூட்டிகளின் செல்லில் நன்றாக ஓட ஆரம்பிக்கிறது. எச்5என்1 பற்றிய செய்திகளில் ஆய்வாளர்கள் "627-இல் மாற்றம் இருக்கிறதா" என்று கவலையோடு கேட்பது இதனால்தான்.

இந்த மாற்றங்கள் எப்படி வருகின்றன? இரண்டு வழி. முதலாவது, எழுத்துப் பிழை. இந்த வைரஸின் மரபணு ஆர்என்ஏவால் ஆனது, நகலெடுக்கும்போது பிழை திருத்தும் ஏற்பாடு அதனிடம் கிடையாது, ஆகவே ஒவ்வொரு நகலிலும் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான பிழைகள் வைரஸையே கொன்றுவிடும், ஒன்றிரண்டு மட்டும் நம் எதிர்ப்புரதங்களின் கண்ணில் மண்ணைத் தூவும். போன வருடம் ஃப்ளூ வந்தவருக்கு இந்த வருடமும் வருவது இந்த வழியில்.

இரண்டாவது வழிதான் இந்தக் குடும்பத்தின் தனித்தன்மை. மற்றப் பல வைரஸ்களைப்போல இதன் மரபணு ஒரே நீள இழையாக இல்லை. 'ஏ' வகையில் எட்டுத் துண்டுகள். ஒரே செல்லுக்குள் இரண்டு வேறு வேறு ஃப்ளூ வைரஸ்கள் ஒரே சமயத்தில் நுழைந்துவிட்டால் துண்டுகள் கலந்துபோகும். எட்டு பாரங்கள் கொண்ட இரண்டு நாவல்கள் ஒரே அச்சகத்தில் ஒரே நாளில் அச்சாகி, பைண்டிங் செய்பவர் முதல் பாரத்தை இதிலிருந்தும் நாலாவதை அதிலிருந்தும் எடுத்துத் தைத்துவிட்டால் என்ன வருமோ அதுதான் வரும். அப்படி வருவதில் பெரும்பாலானவை படிக்கவே முடியாத குப்பை. ஆனால் எப்போதாவது, மனிதனிடம் நன்றாகப் பரவத் தெரிந்த உள் துண்டுகளும் ('எச்', 'என்' தவிர்த்த மற்ற ஆறு), மனிதன் இதுவரை பார்த்தே இராத ஒரு 'எச்' துண்டும் சேர்ந்து ஒரு வைரஸ் பிறந்துவிடுகிறது. உலகத்தில் யாருக்கும் அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. கொள்ளைநோய் அங்கேதான் ஆரம்பம்.

1957-இல் நடந்தது இதுதான். அதுவரை மனிதர்களிடம் சுற்றிக்கொண்டிருந்த எச்1என்1, பறவை வைரஸ் ஒன்றிடமிருந்து 'எச்', 'என்', பாலிமரேஸின் ஒரு பகுதியான பிபி1 ஆகிய மூன்று துண்டுகளை வாங்கிக்கொண்டு எச்2என்2 ஆனது. சீனாவில் தொடங்கி ஹாங்காங், சிங்கப்பூர் என்று இறங்கியது. இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசல் சென்னைத் துறைமுகம். மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் நோயாளிகள் இருந்தார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது, 1958 பிப்ரவரிக்குள் பதிவான நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல், பதிவான இறப்புகள் ஆயிரத்துக்குச் சற்று மேல். பதிவில் வராமல் போனவை எவ்வளவோ. அந்தக் கொள்ளைநோயின் இந்திய வரலாறு நமக்கு இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பதற்கு, அப்போது குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிவந்த இன்ஃப்ளூயன்சா மையம்தான் காரணம். நீலகிரியில் வெறிநாய்க்கடி மருந்துக்குப் பேர்போன அந்தக் கட்டடத்தில் இப்படி ஒரு வேலையும் நடந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. 1968-இல் மறுபடியும் கலப்பு: இந்தத் தடவை 'எச்', பிபி1 என்று இரண்டு துண்டுகள் மட்டும் பறவையிடமிருந்து மாறின, எச்3என்2 வந்தது. அதன் வாரிசுகள் இன்றைக்கும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம்மைப் படுக்கப்போடுகின்றன.

1918 வேறு மாதிரி. அந்த எச்1என்1 உலகம் முழுக்க ஏறக்குறைய 5 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணக்கு, அதில் இந்தியாவின் பங்கு மட்டும் 1.2 கோடியிலிருந்து 1.8 கோடி வரை சொல்கிறார்கள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் பத்து வருடத்தில் எண்ணிக்கை குறைந்துபோனது 1921-இல் மட்டும்தான். அப்போது இதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்றே தெரியாது; 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் கண்டுபிடித்த ஒரு பாக்டீரியாவின் தலையில் பழியைப் போட்டிருந்தார்கள், பாவம், அந்தப் பாக்டீரியா இன்னும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்ற பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அலாஸ்காவில் பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில் 1918 நவம்பரில் இருந்த 80 பெரியவர்களில் 72 பேர் இறந்து, உறைபனி மண்ணில் ஒன்றாகப் புதைக்கப்பட்டார்கள். யோஹான் ஹுல்டின் என்ற ஆய்வாளர் 1951-இல் அங்கே போய்த் தோண்டினார், வைரஸை வளர்க்க முடியவில்லை. 1997-இல், எழுபது வயதைத் தாண்டியபின், ஊர்க்காரர்களிடம் அனுமதி வாங்கி மறுபடி போய், ஒரு பெண்ணின் உடலிலிருந்து நுரையீரல் திசுவை எடுத்து ஜெஃப்ரி டௌபன்பெர்கரின் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அப்படித்தான் 2005-இல் அந்த வைரஸின் முழு மரபணு வரிசையும் கிடைத்தது. அது ஏறக்குறைய எட்டுத் துண்டுகளிலும் பறவைச் சாயல் கொண்டது.

1918-இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்த இலையுதிர்காலத்தில் பன்றிகள் இருமிக்கொண்டு படுத்தன. ஜே. எஸ். கோயன் என்ற கால்நடை அதிகாரி, வீட்டில் மனிதர்களுக்கு வந்த அதே நோய்தான் தொழுவத்தில் பன்றிகளுக்கும் வந்திருக்கிறது என்றார். பன்றி வியாபாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. இறைச்சியை யார் வாங்குவார்கள் என்ற பயம். 1931-இல் ரிச்சர்ட் ஷோப் அந்தப் பன்றி நோயின் வைரஸைப் பிரித்தெடுத்தார். இரண்டு வருடம் கழித்து லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித வைரஸை ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறு விலங்கில் வளர்த்துக் காட்டினார்கள். இரண்டும் நெருங்கிய உறவு. பெரும்பாலும் மனிதன்தான் பன்றிக்குக் கொடுத்தான் என்று இன்று கருதுகிறார்கள். பன்றியிடம் அது 90 வருடம் இருந்து, பறவைத் துண்டுகளையும் மனித எச்3என்2 துண்டையும் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பிய, ஆசியப் பன்றி வைரஸிடமிருந்து 'என்' துண்டையும் எம் துண்டையும் வாங்கிக்கொண்டு, 2009-இல் மெக்சிகோவில் மனிதனிடம் திரும்பி வந்தது. அப்போது எகிப்து அரசு நாட்டிலிருந்த சுமார் மூன்று லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டது. நோய் மனிதனிலிருந்து மனிதனுக்குப் பரவிக்கொண்டிருந்தபோது பன்றியைக் கொன்று என்ன பயன்? பெயர் வைத்த வினை.

சரி, எச்5என்1-க்கு வருவோம். வாத்திடம் சாதுவாக இருக்கும் வைரஸ் கோழிப் பண்ணையில் ஏன் இவ்வளவு கொடூரம் ஆகிறது? 'எச்' புரதம் வேலை செய்ய அதை ஓரிடத்தில் வெட்ட வேண்டும். சாதாரண வகைகளில் அந்த வெட்டும் நொதி குடலிலும் சுவாசப் பாதையிலும் மட்டுமே கிடைக்கும், ஆகவே நோயும் அங்கேயே நிற்கும். எச்5, எச்7 ஆகிய இரண்டில் மட்டும், ஆயிரக்கணக்கான கோழிகளுக்குள் மாறி மாறிப் பரவும்போது, வெட்டும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாகச் சேர்ந்துவிடுகின்றன. அதன்பின் உடலின் எந்தச் செல்லிலும் இருக்கும் ஃப்யூரின் என்ற நொதியே வெட்டிக்கொடுத்துவிடும். மூளை, இதயம், ஈரல் என்று எல்லா இடத்திலும் பெருகி, ஓரிரு நாளில் கொட்டகையே காலி. இத்தாலியில் பெரொன்சிட்டோ 1878-இலேயே கோழிகளின் இந்தக் கொள்ளைநோயைப் பற்றி எழுதிவிட்டார், ஆனால் அது இன்ஃப்ளூயன்சா என்று 1955-இல்தான் நிறுவினார்கள். காட்டுப் பறவைதான் குற்றவாளி என்று பண்ணைத் தொழில் கைகாட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: விதை ஏரியிலிருந்து வந்தாலும், அதைக் கொலைகார வைரஸாக வளர்த்துவிடுவது பெரும்பாலும் நெரிசலான கொட்டகைகள்தான்.

இன்று உலகைச் சுற்றும் எச்5என்1-இன் மூதாதை 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு பண்ணை வாத்தினத்தில், அதாவது பெருவாத்தில், கிடைத்தது. அடுத்த வருடம் ஹாங்காங்கில் 18 பேருக்கு நேரடியாகப் பறவையிலிருந்து தொற்றி, 6 பேர் இறந்தார்கள். ஹாங்காங் அரசு டிசம்பர் கடைசியில் நகரத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொன்றது. அந்தக் கிளை அத்தோடு நின்றாலும் அதன் உறவுகள் சீனாவில் இருந்தன. 2005-இல் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. திருநெல்வேலி கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வருகின்றனவே, அதே இனம். பண்ணையில் கொடூரமான வைரஸ் மறுபடி காட்டுப் பறவைக்கே போய்ச் சேர்ந்து, இறக்கை முளைத்துக்கொண்டது. இந்தத் திருப்பம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பாதிப்பு. பிறகு குட்டநாட்டு வாத்துகளில் 2014-இலும் அதற்குப் பின்னும் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் நம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிப்பதும், நாமக்கல் பண்ணையாளர்கள் முட்டை விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நமக்குப் பழகிப்போன காட்சி.

கடந்த சில வருடங்களில் பரவிய, எச்5என்1-இன் 2.3.4.4பி என்ற கிளை முந்தைய எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. 2022-இல் ஸ்பெயினில் ரோமத்தோலுக்காக வளர்க்கும் மிங்க் என்ற சிறு விலங்குகளின் பண்ணை, பெருவில் கடற்சிங்கங்கள், 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் பிறந்த யானைச் சீல் குட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே. 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா பெருநிலம். நாக்பூர் கோரேவாடா விலங்கு மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1-ஆல் இறந்ததும் அந்த வருடக் கடைசியில்தான். மனிதர்களில் 2003-இலிருந்து உறுதிசெய்யப்பட்ட எச்5என்1 நோயாளிகள் 900-க்கும் மேல், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் விழுந்திருக்க மாட்டார்கள் என்பதால் உண்மையான விகிதம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அப்படிக் குறைத்துப் பார்த்தாலும் பயப்படத்தக்க எண்தான்.

எச்5-இன் ஆர்ப்பாட்டத்தில் நாம் கவனிக்காமல் விடுவது எச்9என்2. இந்தியக் கோழிகளிடம் சத்தமில்லாமல் நிரந்தரமாகக் குடியிருக்கிறது, கோழியைப் பெரிதாகக் கொல்வதும் இல்லை, ஆகவே செய்தியும் இல்லை. ஆனால் 2013-இல் சீனாவில் தோன்றி 1,500-க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கிய எச்7என்9-க்கு உள் துண்டுகள் ஆறையும் கொடுத்தது இதுதான். என்னைக் கேட்டால், நம் ஊரில் கண்காணிப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்தச் சாதுவின் பெயரில் போக வேண்டும்.

மாட்டின் மடிக்குள் இது எப்படி நுழைந்தது என்பதற்கும் சர்க்கரைச் சங்கிலியில்தான் பதில் இருக்கிறது. மாட்டின் மூக்கில் பறவை வகைச் சியாலிக் அமிலம் குறைவு, மடியின் பால் சுரப்பிகளில் நிறைய. 2023-இன் பிற்பகுதியில் காட்டுப் பறவையிலிருந்து மாட்டுக்கு ஒரே ஒரு தடவை தாவி, அப்புறம் பால் கறக்கும் இயந்திரங்கள், மாநிலம் விட்டு மாநிலம் லாரியில் போகும் கறவைகள் என்று மனிதன் போட்டுக்கொடுத்த பாதையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகளுக்குப் போய்விட்டது. பாலைச் சூடாக்கினால் வைரஸ் செத்துவிடும், ஆகவே பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் பழக்கத்துக்கு இதில் கவலை இல்லை. பச்சைப் பால் உடம்புக்கு நல்லது என்று இப்போது கிளம்பியிருக்கும் கூட்டத்துக்குத்தான் கவலை இருக்க வேண்டும்.

மருந்து என்று பார்த்தால் ஓசெல்டாமிவிர், அதாவது டாமிஃப்ளூ, 'என்' புரதத்தின் வெட்டும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வைரஸ்களை வெளியேறவிடாமல் தடுக்கிறது. நோய் தொடங்கி முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன். அதைத் தயாரிக்கத் தேவையான ஷிகிமிக் அமிலம் நம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது என்பது உண்மை. அதனால் பிரியாணி சாப்பிட்டால் ஃப்ளூ வராது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது உண்மை இல்லை. ஷிகிமிக் அமிலம் மருந்து இல்லை, பல வேதிமாற்றங்களுக்குப் பிறகுதான் அது மருந்தாகிறது.

நம் உடம்பின் ஞாபகமும் விசித்திரமானது. சிறுவயதில் முதன்முதலில் பார்த்த ஃப்ளூவை அது கடைசிவரை மறப்பதில்லை. 2009-இல் வயதானவர்கள் ஓரளவு தப்பியதும் இளையவர்கள் மாட்டிக்கொண்டதும் இதனால்தான். பெரியவர்கள் குழந்தைப் பருவத்தில் 1918-இன் வாரிசுகளைச் சந்தித்தவர்கள். 1977-இல் திடீரென்று எச்1என்1 மறுபடி தலைகாட்டியபோது 25 வயதுக்குக் கீழே இருந்தவர்களை மட்டும் அதிகம் பிடித்தது. அந்த வைரஸ் 1950 வாக்கில் சுற்றியதை அப்படியே ஒத்திருந்தது. இருபத்தைந்து வருடம் மாறாமல் இயற்கையில் எந்த ஃப்ளூவும் இருக்காது, ஆகவே உறைபெட்டியில் வைத்திருந்த மாதிரி ஏதோ தடுப்பூசிச் சோதனையிலோ ஆய்வகத்திலோ வெளியேறியிருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு.

இவ்வளவு மாறும் வைரஸுக்குத் தடுப்பூசியும் மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த எந்த ரகங்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: 'பி' வகையின் யமகட்டா என்ற கிளை, கோவிட் கால முகக்கவசத்திலும் ஊரடங்கிலும் சிக்கி, 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கேயும் உறுதியாகத் தென்படவில்லை, அதனால் தடுப்பூசியிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் இந்த அரைக்கோளக் கணக்கு நமக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. இந்தியா வரைபடத்தில் வடக்கே இருந்தாலும் நம் ஃப்ளூ பனியோடு வருவதில்லை, மழையோடு வருகிறது. ஸ்ரீநகரில் மட்டும் ஜனவரி முதல் மார்ச் வரை, டெல்லியிலும் புனேயிலும் கொல்கத்தாவிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை, சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர், நவம்பரில் உச்சம். ஆகவே டெல்லிக்காரர் ஜூனுக்கு முன்பே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அவருக்குத் தென் அரைக்கோளத் தயாரிப்பு பொருந்தும். சென்னையில் இருக்கும் முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர், ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்து, வட அரைக்கோளத்துக்கான புதிய தயாரிப்பு வந்ததும் செப்டம்பருக்குள் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஊசிக் குப்பியின் அட்டையில் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.